சிக்கனத்துக்கும் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? பிராங்க்ளினின் பொன்மொழிகள்: ஓர் எளிய விளக்கம்

கடன் வாங்காதே, நேரத்தை வீணாக்காதே, சுதந்திரத்தை விட்டுக்கொடுக்காதே என்று பொன்மொழி பகிர்பவர்கள் எப்படியும் ஒருநாள் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கிறாரே, அவர்தான்: அச்சகக்காரராகத் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரானவர். சேமிப்புத் திட்டம் விற்பவர் அவருடைய வாசகம் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அரசாங்கம் நம் விஷயத்தில் தலையிடவே கூடாது என்பவர் இன்னொன்றை எடுத்துக்கொள்கிறார். எந்த வாசகத்திலும் அது எப்போது, எதற்காக, யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பது மட்டும் இருக்காது.

இப்படிப் பிய்த்துப் பிய்த்துப் படிப்பதில் முக்கியமான ஒன்று கைநழுவிப் போகிறது. சிக்கனம், நற்குணம், சுதந்திரம், தன்னாட்சி ஆகிய நான்கையும் அவர் தனித்தனிப் பாடங்களாகப் பார்க்கவில்லை. ஒன்று இருந்தால்தான் அடுத்தது நிற்கும் என்று நினைத்தார். ஏன் அப்படி நினைத்தார் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பஞ்சாங்கத்தின் காலி இடங்கள்

பிராங்க்ளின் 1706-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்த பையன், 17 வயதில் அங்கிருந்து ஓடி பிலடெல்பியாவுக்கு வந்தான். அங்கே சொந்தமாக அச்சகம் வைத்து, 1732 கடைசியில் ஒரு பஞ்சாங்கம் போட்டார். அடுத்த ஆண்டின் கிழமை, நிலவு, வானிலை, விசேஷ நாள் எல்லாம் அதில் இருக்கும். தன் பெயரைப் போடவில்லை. ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற ஏழை ஜோசியர் எழுதியதாகப் போட்டார். அதனால்தான் அது 'ஏழை ரிச்சர்டின் பஞ்சாங்கம்' ஆயிற்று. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 10,000 பிரதிகள் விற்றதாகச் சுயசரிதையில் சொல்கிறார். வேறு புத்தகமே வாங்காத வீட்டிலும் பஞ்சாங்கம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். விசேஷ நாட்களுக்கு இடையே காலியாகக் கிடந்த இடங்களில் பழமொழிகளை நிரப்பினார்.

அவற்றில் பல அவர் சொந்தமாக எழுதியவை அல்ல. தனக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சொந்தமில்லை, எல்லாக் காலத்தவரும் எல்லா நாட்டவரும் சொன்னதிலிருந்து பொறுக்கியது என்று ரிச்சர்டின் வாயாலேயே சொல்லிவிட்டார். 'தனக்குத்தானே உதவிக்கொள்பவனுக்குக் கடவுள் உதவுவார்' என்பது 1736 பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பைபிள் வசனம் என்று பலர் நம்புகிறார்கள். பைபிளில் அது கிடையாது. 'மிச்சம் பிடித்த காசு சம்பாதித்த காசு' என்று இன்று அவர் பெயரில் ஓடும் வாசகமும் அப்படியே அவருடையது இல்லை. 1737 பஞ்சாங்கத்தில் இருப்பது, மிச்சம் பிடித்த ஒரு பென்னி இரண்டு பென்னிக்குச் சமம், தினம் ஒரு குண்டூசி மிச்சம் பிடித்தால் வருஷத்தில் ஒரு வெள்ளிக்காசு சேரும் என்ற கருத்து. நம்முடைய சிறுதுளி பெருவெள்ளம்தான்.

சுருக்கமாகச் சொன்னால், இவை ஒரு தத்துவ நூலின் வரிகள் அல்ல. உழைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்காகப் பொறுக்கி, சீர்ப்படுத்தி, அச்சடித்த சொற்கள். ஆனால் பொறுக்கியவருக்கு ஒரு நோக்கம் இருந்தது.

கடன் எப்படிச் சுதந்திரத்தைத் தொடுகிறது?

மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போகிற வீட்டுக்காரர் அந்தக் கடையில் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். அரிசியில் கல் இருந்தாலும் பேச மாட்டார். விலை கூடுதல் என்று தெரிந்தாலும் அடுத்த தெருக் கடைக்குப் போக முடியாது. கடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, மிரட்ட வேண்டியதும் இல்லை. நோட்டு அவர் கையில் இருப்பதே போதும். ரொக்கம் கொடுத்து வாங்குபவர் அதே கடையில் வாய்விட்டுக் கேட்கிறார். இருவருக்கும் சட்டப்படி உரிமை ஒன்றுதான்; அதைப் பயன்படுத்தும் துணிச்சலில்தான் வித்தியாசம்.

பிராங்க்ளின் பார்த்தது இதைத்தான். 1758 பஞ்சாங்கத்தின் முன்னுரையில் ஆபிரகாம் என்ற முதியவர் ஏலக் கடை வாசலில் நின்று பேசுகிறார். ஏலம் இன்னும் தொடங்கவில்லை. வரிச்சுமை தாங்கவில்லையே என்று கூடியிருந்தவர்கள் அவரிடம் முறையிடுகிறார்கள். அரசாங்க வரி அதிகம்தான், ஆனால் நம் சோம்பல் இரண்டு மடங்கும், நம் கர்வம் மூன்று மடங்கும், நம் முட்டாள்தனம் நான்கு மடங்கும் வரி போடுகிறதே என்கிறார் பெரியவர். அப்புறம்தான் அந்த முக்கியமான வாசகம் வருகிறது: 'கடன் வாங்கும்போது என்ன செய்கிறாய் என்று யோசித்துப் பார். உன் சுதந்திரத்தின் மேல் இன்னொருவனுக்கு அதிகாரம் கொடுக்கிறாய்.' அடுத்தபடி கடன் எப்படிப் பொய்யில் கொண்டுவிடும் என்று விளக்குகிறார். தவணை நாளில் கொடுக்க முடியாதவன் கடன் கொடுத்தவரைப் பார்க்க வெட்கப்படுவான், பயப்படுவான், சாக்குச் சொல்வான், கடைசியில் நாக்கூசாமல் பொய் சொல்வான். சிக்கனத்தை விட்டவன் நேர்மையையும் விட வேண்டிவரும் என்பது இந்த வரிசையின் பொருள்.

இதில் 'சுதந்திரம்' என்றது உவமைக்காக என்று நினைத்துவிடக் கூடாது. அன்றைய சட்டப்படி கடனைத் திருப்பாதவரைச் சிறையில் போடலாம். பிராங்க்ளின் இறந்து 8 ஆண்டுகள் கழித்து, 1798-ல், அதே பிலடெல்பியாவில் ராபர்ட் மாரிஸ் என்பவரைக் கடனுக்காகச் சிறையில் அடைத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கே பணம் திரட்டிக் கொடுத்தவர் அவர். நில வியாபாரத்தில் அகலக்கால் வைத்துக் கவிழ்ந்தார். 1801 வரை உள்ளே இருந்தார்.

பிராங்க்ளினுக்கும் இது பட்டறிவுதான். இளைஞராக இருந்தபோது வெர்னான் என்பவர், தனக்கு வரவேண்டிய சுமார் 35 பவுண்டு கடனை வசூலித்து, தான் கேட்கும்வரை வைத்திருக்கச் சொன்னார். அந்தப் பணத்திலிருந்து பிராங்க்ளின் ஒரு நண்பருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தார். நண்பர் திருப்பவே இல்லை. வெர்னான் எப்போது கேட்பாரோ என்ற பயம் வெகு காலம் அவரை விடவில்லை. கடைசியில் வெர்னான் நினைவுபடுத்தியதும் உண்மையை எழுதி, அவகாசம் வாங்கி, வட்டியோடு கொடுத்துத் தீர்த்தார். தன் வாழ்க்கையின் முதல் பெரிய பிழைகளில் ஒன்று என்று சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். இந்த மனிதர் கடனைப் பற்றிச் சொல்லும்போது காது கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்தப் பக்கம் ஒரு காரணம்.

ஆக, சிக்கனம் என்றால் வேண்டாத செலவைத் தவிர்த்து, பிறர் பிடியில் சிக்காமல் இருப்பது. பணக்காரர் ஆவது அதன் பக்கவிளைவாக வரலாம், வராமலும் போகலாம்.

நற்குணம்: பழக்கமா, பிறவியா?

ஏன் சிக்கனத்தை அவ்வளவு வலியுறுத்தினார் என்பதற்குச் சுயசரிதையில் அவரே காரணம் சொல்கிறார். வறுமையில் இருப்பவன் எப்போதும் நேர்மையாக நடப்பது கடினம். 'வெறும் சாக்கு நிமிர்ந்து நிற்பது கஷ்டம்' என்று பஞ்சாங்கப் பழமொழி ஒன்றையே அங்கே சேர்க்கிறார். இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். ஏழைகள் ஒழுக்கமில்லாதவர்கள் என்று அவர் சொல்லவில்லை. வயிற்றில் ஒன்றுமில்லாதவனிடம் நேர்மையை எதிர்பார்ப்பவர்கள் அவனுக்கு எவ்வளவு பெரிய பாரத்தைச் சுமத்துகிறார்கள் என்று சொல்கிறார். இந்த வாசகத்தை ஏழைகளைத் திட்டுவதற்கு எடுப்பவர்கள் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

நற்குணம் என்று அவர் சொன்னது, யாரும் பார்க்காதபோதும் சரியானதைச் செய்யும் பழக்கம். அது தானாக வராது, பயிற்சி வேண்டும் என்பது அவர் வாதம். இளமையில் அவர் செய்த முயற்சி பிரசித்தமானது. மிதமான உண்ணல், அளவான பேச்சு, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, உண்மை, நீதி என்று தொடங்கிப் பணிவு வரை 13 குணங்களைப் பட்டியல் போட்டார். ஒரு சிறு புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்தார்: மேலே வாரத்தின் 7 நாள், பக்கவாட்டில் 13 குணம். தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி. ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு 4 சுற்று. அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஒழுங்கு, அதாவது பொருளை அதனதன் இடத்தில் வைப்பதும் வேலையை அதனதன் நேரத்தில் செய்வதும். நினைத்த முழுமையை எட்டவே இல்லை, ஆனால் முயன்றதால் முன்னைவிட நல்லவனாக, மகிழ்ச்சியாக ஆனேன் என்று பின்னால் எழுதினார்.

ஒரு குணத்தை மேம்படுத்துவதற்காக ஒரு கட்டம் போட்டு உட்காரும் இந்த அணுகுமுறை சிலருக்கு வறண்டதாகத் தெரியும். எனக்கு அதில் பெரிய மரியாதை இருக்கிறது. நல்லவன், கெட்டவன் என்று மனிதர்களைப் பிரித்து வைக்காமல், யாரும் பழகிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிடுகிறது.

பழைய சட்டை ஓர் ஆயுதமானது

ஒரு குடும்பத்தின் சிக்கனம் ஒரு மக்கள்கூட்டத்தின் சிக்கனமாக மாறினால் என்ன ஆகும்? 1765-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் முத்திரைத்தாள் வரி போட்டது. பத்திரம், பத்திரிகை, ஏன், சீட்டுக்கட்டுக்குக்கூட வரி. அந்தப் பாராளுமன்றத்தில் அமெரிக்கர்களுக்கு ஒரு பிரதிநிதியும் இல்லை. பதிலுக்கு அவர்கள் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்க மறுத்தார்கள்.

1766 பிப்ரவரியில் லண்டன் பாராளுமன்றம் பிராங்க்ளினை அழைத்து நீண்ட விசாரணை நடத்தியது. கடைசிக் கேள்விகள் இரண்டு. அமெரிக்கர்களின் பெருமை முன்பு எதில் இருந்தது? பிரிட்டனின் நாகரிக ஆடைகளையும் சரக்குகளையும் வாங்கி அனுபவிப்பதில், என்றார். இப்போது எதில் இருக்கிறது? புதியதைத் தாங்களே செய்யும்வரை பழைய உடைகளையே திரும்ப அணிவதில், என்றார். அடுத்த மாதமே அந்த வரிச் சட்டம் ரத்தானது. விற்பனை படுத்துப்போன பிரிட்டிஷ் வியாபாரிகளின் நெருக்குதலும் அதற்கு முக்கியமான காரணம்.

கடன் நோட்டில் பார்த்த அதே விஷயம்தான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது. இன்னொருவர் தரும் பொருள் இல்லாமல் கொஞ்ச நாள் இருக்க முடிந்தவர்களால் அவரிடம் 'முடியாது' என்று சொல்ல முடிகிறது.

அதிகம் தவறாகப் படிக்கப்படும் வாசகம்

இனி, எல்லாவற்றிலும் அதிகம் சுற்றுகிற வாசகத்துக்கு வருவோம். 'இன்றியமையாத சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச காலப் பாதுகாப்பை வாங்கிக்கொள்பவர்கள் சுதந்திரத்துக்கும் தகுதியில்லாதவர்கள், பாதுகாப்புக்கும் தகுதியில்லாதவர்கள்.' இன்று இதை வாசிப்பவர், போலீஸும் உளவுத்துறையும் தனிமனிதரைக் கண்காணிப்பதை எதிர்த்து எழுதியது என்று நினைப்பார். சிலர் வரிக்கு எதிரானது என்றுகூட எடுத்துக்கொள்கிறார்கள்.

எழுதப்பட்ட இடத்தைப் பாருங்கள். 1755 நவம்பர் 11, பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாகாணத்தின் சட்டசபை தன் கவர்னருக்கு அனுப்பிய பதில் கடிதம். அந்த ஜூலையில்தான் பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படை பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளிடமும் நொறுங்கிப்போயிருந்தது. எல்லைக் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. பாதுகாப்புக்குப் பணம் வேண்டும். எல்லோருடைய நிலத்துக்கும் வரி போட்டுப் பணம் திரட்டச் சட்டசபை மசோதா கொண்டுவந்தது. பென்சில்வேனியாவில் மிகப் பெரிய நிலச் சொந்தக்காரர்கள் யார் என்றால், அந்த மாகாணத்தையே பட்டயமாகப் பெற்றிருந்த பென் குடும்பத்தார். அவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். தங்கள் நிலத்துக்கு வரி போடும் மசோதா எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவர்கள் நியமித்த கவர்னர் ராபர்ட் ஹன்டர் மாரிஸுக்கு உத்தரவு. அவரும் மசோதாக்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

சட்டசபையின் சார்பில் பிராங்க்ளின் எழுதியது இதற்குப் பதில். அந்த வாசகத்துக்கு முந்தைய வரிகளில், எல்லையில் தவிக்கும் ஏழை ஜனங்களை எண்ணி வருந்துகிறோம், எங்கள் உரிமைக்கு உட்பட்டு முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம் என்கிறார். அதற்குப் பிறகுதான் சுதந்திரமும் பாதுகாப்பும் வருகின்றன. ஆக, அங்கே 'இன்றியமையாத சுதந்திரம்' என்றது, மக்கள் தேர்ந்தெடுத்த சபை யாருக்கு எவ்வளவு வரி என்று தானே முடிவுசெய்யும் அதிகாரம். பெரிய நிலச்சுவான்தார் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் மேல் வரி போடு, உடனே கையெழுத்து கிடைக்கும் என்பது 'கொஞ்ச காலப் பாதுகாப்பு'. ஓர் அரசாங்கம் வரி போட்டு, சொந்த மண்ணைக் காக்கச் செலவு செய்யும் உரிமைக்காக எழுதிய வாசகம் இது.

அந்த மாதக் கடைசிக்குள் ஒரு சமரசம் வந்தது. பென் குடும்பம் 5,000 பவுண்டு நன்கொடையாகக் கொடுக்க, அவர்கள் நிலத்தை விட்டுவிட்டுச் சட்டசபை 60,000 பவுண்டுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. கொள்கை அளவில் சண்டை தீரவில்லை. அதைத் தொடர 1757-ல் பிராங்க்ளினையே லண்டனுக்கு அனுப்பினார்கள்.

இந்த வாசகத்தைக் கண்காணிப்புக்கு எதிராகப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல வாக்கியம் பிறந்த வீட்டைத் தாண்டிப் போகும். ஆனால் பிராங்க்ளின் சொன்ன சுதந்திரத்தில், சேர்ந்து முடிவெடுக்கும் உரிமையும் உண்டு என்பதை மறைத்துவிட்டுப் பயன்படுத்தினால், அவருடைய பாதிக் கருத்துதான் நம் கைக்கு வருகிறது.

இதுவரை பார்த்தது: கடனில்லாதவன் நிமிர்ந்து பேசுகிறான், பழக்கத்தால் நேர்மை வருகிறது, அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து தங்கள் பணத்தையும் பாதுகாப்பையும் தாங்களே தீர்மானிப்பது சுதந்திரம். சரி, தீர்மானித்த பிறகு யார் செய்வது?

தோல் வாளியும் அபராதமும்

'வந்தபின் குணமாக்குவதைவிட வருமுன் காப்பது மேல்' என்ற பொருளில் பிராங்க்ளின் எழுதிய வாசகம் ஆஸ்பத்திரிச் சுவர்களில் தொங்குகிறது. அது மருத்துவத்துக்காக எழுதப்பட்டதே இல்லை. 1735 பிப்ரவரியில் தன் பத்திரிகையில், நெருப்புத் துண்டுகளைத் திறந்த கரண்டியில் அள்ளி அறைக்கு அறை, மாடிப்படி ஏறி இறங்கி எடுத்துப்போகாதீர்கள் என்று எச்சரித்தபோது எழுதியது. மர வீடுகள் நிறைந்த ஊரில் ஒரு கங்கு விழுந்தால் போதும்.

எழுதியதோடு நிற்கவில்லை. 1736-ல் 30 பேர் சேர்ந்து 'யூனியன்' என்ற தீயணைப்புக் குழுவைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் இத்தனை தோல் வாளி, பொருள்களை அள்ளிக் காப்பாற்ற இத்தனை பை, கூடை என்று எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடித் தீயணைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். கூட்டத்துக்கு வராதவருக்குச் சிறு அபராதம். அந்த அபராதப் பணத்தில்தான் பின்னால் தீயணைப்பு இயந்திரமும் ஏணியும் கொக்கியும் வாங்கினார்கள்! மேலும் ஆட்கள் சேர வந்தபோது, இந்தக் குழு பெருத்தால் கட்டுப்படாது, நீங்களே ஒன்று தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர் முழுக்கக் குழுக்கள் முளைத்தன.

தன்னாட்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த அபராத ஏட்டைத்தான் காட்டுவேன். மக்கள் தங்களுக்கான விதியைத் தாங்களே போட்டு, மேலிருந்து யாரும் அதட்டாமல் தாங்களே அதற்குக் கட்டுப்படுவதுதான் அது. அபராதத்தை ஒழுங்காகக் கட்டுபவர் இல்லாவிட்டால் ஏணி இல்லை. 13 குணங்களின் கட்டமும், கடனில்லாத கையும், தெருவில் எரியும் வீடும் ஒன்றுசேரும் இடம் இதுதான்.

அரசாங்கத்தை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் மக்களே செய்துகொள்வதும் அவர் நோக்கம் இல்லை. 1751-ல் மருத்துவமனைக்காக அவர் வகுத்த ஏற்பாட்டில், பொதுமக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் சட்டசபை இன்னொரு 2,000 கொடுக்கும். கொடுத்தவர்களுக்குத் தங்கள் காசு இரட்டிப்பான உற்சாகம். பணம் சேர்ந்தது, மருத்துவமனை வந்தது.

1787-ல் இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்களுக்கு எழுதிய கடிதத்தில் 'நற்குணமுள்ள மக்களுக்கு மட்டுமே சுதந்திரத்தோடு வாழ முடியும். நாடுகள் கெட்டுச் சீரழியச் சீரழிய அவற்றுக்கு எஜமானர்களின் தேவை கூடுகிறது' என்றார். இதைத் தனியே படித்தால் உபதேசம். வாளிகளோடு சேர்த்துப் படித்தால் நடைமுறை: அபராதம் கட்டாத ஊரில் வசூலிக்க ஒரு சிப்பாய் வருவான், அப்புறம் அவன் போக மாட்டான். அதே ஆண்டு பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதிய மாநாடு முடிந்த சமயத்தில் எலிசபெத் பவல் என்ற பெண்மணி, எங்களுக்குக் கிடைத்தது குடியரசா, முடியாட்சியா என்று கேட்டார். 'குடியரசு, உங்களால் அதைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தால்' என்று பிராங்க்ளின் சொன்னதாக, மாநாட்டு உறுப்பினர் ஜேம்ஸ் மக்ஹென்றியின் நாட்குறிப்பில் இருக்கிறது.

யார் இதில் சேர்த்தி இல்லை?

அந்தக் கேள்வியைக் கேட்ட பவல் அம்மையாருக்கே ஓட்டுரிமை கிடையாது. பிறரைச் சார்ந்திருப்பவன் சுதந்திரமாக முடிவெடுக்க முடியாது என்ற வாதத்தை வைத்தே, சொத்தில்லாதவருக்கு ஓட்டுக் கூடாது என்று அக்காலத்தில் பலர் வாதாடினார்கள். நல்லவேளையாக பிராங்க்ளின் அந்தப் பக்கம் போகவில்லை. நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும் ஓட்டு என்ற யோசனை 1787 மாநாட்டில் வந்தபோது, சாதாரண மக்களின் பொதுநல உணர்வை நசுக்கிவிடாதீர்கள் என்று எதிர்த்துப் பேசினார்.

அடிமை முறையில் அவர் கணக்கு இவ்வளவு சுத்தமாக இல்லை. கடன் வாங்கினால் சுதந்திரம் போய்விடும் என்று அச்சடித்தவரின் வீட்டில், எந்தக் கடனும் வாங்காமலேயே சுதந்திரம் பறிக்கப்பட்ட கறுப்பின அடிமைகள் இருந்தார்கள். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. இதை வயதும் காலமும் மெல்ல மாற்றின. 1787-ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில், தோலின் நிறம் பாராமல் சுதந்திரத்தின் பலன்களை எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்கும் மனுவில் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். தென் மாநில உறுப்பினர்கள் கொதித்தார்கள். மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமை முறையில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக் காங்கிரஸ் ஒதுங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று, 84 வயதில் பிராங்க்ளின் இறந்தார்.